மேசை எங்களுக்கு, நாற்காலி அவர்களுக்கு

பாகம் பிரித்த அன்று சீட்டுக் குலுக்கினார்கள்.
அயினிமர மேசை எங்களுக்கு விழுந்தது.
அதன் நாற்காலிகள் ஆறும் மூத்தார் வீட்டுக்கு.
யாரும் சிரிக்கவில்லை.
பத்திரத்தில் அதுவும் ஏறியது,
தென்னந்தோப்புக்கும் பாதிக் கிணற்றுக்கும் கீழே.

பன்னிரண்டு வருசமாய் அந்த மேசைமேல்
கரண்ட் பில், பிரஷர் மாத்திரை, ஹெல்மெட்,
மடிக்காத துணி, அபிஷாவின் ரெக்கார்ட் நோட்டு,
என்றைக்கோ பாதி உரித்து விட்ட உள்ளி.
நாங்கள் டிவிக்கு எதிரே
மடியில் தட்டு வைத்துத் தின்று பழகினோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பகவதி அக்கா போன் பண்ணினாள்.
"மூத்தவளுக்குக் கல்யாணம். ஞாயிறு வந்து சொல்லிட்டுப் போறோம்.
சாப்பிட ஒண்ணும் நிக்கமாட்டோம், கேட்டியா."
"நிக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.
போனை வைத்தபிறகுதான் கை நடுங்கியது.

எல்லாம் இறக்கினேன். ஒரு கட்டில் நிறைந்தது.
அடியில் மரம்.
மரத்தின் நடுவில் அந்தக் கரி வட்டம்,
புதுப்பெண்ணாய் வந்த வருசம்
அக்கா இட்லிக்கொப்பரையை அப்படியே இறக்கிவைத்த இடம்.
அதைப் பற்றி இந்த வீட்டில்
மூன்று மழைக்காலம் பேச்சு நடந்தது.

தோவாளையில் ஆனி மாசம் விரிப்பு விரிக்கிறவளுக்குப் புத்தி வேண்டும்.
கணவாய்க் காற்று சன்னல்வழி வந்து
இரண்டு தடவை அதைச் சுருட்டி பிரிட்ஜ்மேல் போட்டது.
மெழுகுவர்த்தி வைக்கலாம் என்ற அபிஷா
வாயை மூடிக்கொண்டாள்.
மூன்றாம் தடவை நானே மடித்து வைத்தேன். மரம் போதும்.

பூவுக்கு இவரைச் சந்தைக்கு அனுப்பினேன்.
"பிச்சி வேண்டாம், மல்லி வேண்டாம்,
மீன்குழம்போடு அது மணத்துச் சண்டை போடும்."
கால் கிலோ வாடாமல்லி வந்தது.
பித்தளைக் கிண்டியில் திணித்து
கரி வட்டத்தின்மேல் வைத்தேன்.

பிளாஸ்டிக் சேர் இரண்டு, தையல்மெஷின் ஸ்டூல்,
லீலாபாய் வீட்டில் இரவல் வாங்கின முக்காலி,
உருளுகிற கம்ப்யூட்டர் சேர்.
ஒன்றுக்கொன்று உயரம் சேராது.
தட்டுகளை ஸ்கேல் வைத்தமாதிரி அடுக்கிப் பார்த்தேன்,
ரிஜிஸ்தர் ஆபீஸ் மாதிரி இருந்தது.
ஒவ்வொன்றாய்ப் பைய இடித்துக் கோணலாக்கினேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.
உப்புக் கிண்ணத்தை ஒரே இடத்தில் வைத்தேன்,
இவர் கைப்பக்கம்.
விளமீன் குழம்பில் உப்பைக் குறைத்தேன்.

வந்தார்கள். மூத்தாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.
உருளுகிற சேரில் போய் அவர்தான் உட்கார்ந்தார்,
உட்கார்ந்ததும் ஒரு முழம் பின்னால் போனார்.
அபிஷா சிரித்துவிட்டாள்.
இவர் சிரிக்காமலிருக்கப் பல்லைக் கடித்தார்.
மரச்சீனி, உள்ளித் தீயல், சோறு.
வெளியே காற்றாடி சுற்றுகிற இரைச்சல்.
இரண்டாம் உருண்டையில் மூத்தார் நிமிர்ந்தார்.
சுவரைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.
"தாணு, உப்பு."

இவர் கிண்ணத்தைத் தள்ளினார்.
"கொறஞ்சுதான் போச்சு" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
மட்டிப்பழம் உரிக்கும்வரை
அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

பகவதி அக்கா கிண்டியைத் தூக்கினாள்.
"சவம், இது இன்னும் கிடக்கா?"
விரலால் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
பூவைத் திரும்ப அதன்மேல் வைக்கவில்லை.

அழைப்பிதழ் பறக்காமலிருக்க
உப்புக் கிண்ணத்தையே பாரமாய் வைத்தோம்.
எல்லோரும் வாசலுக்குப் போயாயிற்று.
அக்கா மட்டும் நின்றாள்.
குனிந்து, தரையிலிருந்து விளிம்புவரை
சாண் சாணாய் ஏறி வந்தாள்.
மூன்றரை. இரண்டு விரல்கடை கூட.

"எங்க வீட்டில கண்ணாடி மேசை" என்றாள்,
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே.
"முட்டு இடிக்கும்."